கேஸ் தீர்ந்து போவதில்லை, கசிந்துதான் போகிறது

கேள்வி:

பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். 2022 ஜூலையில் ஓசூரில் ஒரு கடையில் 21,500 ரூபாய்க்கு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கினோம். வீட்டு உபயோகத்துக்குத்தான் வாங்கியது. இரண்டு வருடமாக அதிலேயே இட்லி மாவு வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்கிறேன். அரைக்கும் நாளில் ஒரு பெண் உதவிக்கு வருவார். சில மாதங்களுக்கு முன் கூலிங் நின்றது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் கேஸ் இல்லை என்று நிரப்பி 3,100 ரூபாய்க்கு பில் தந்தார். 47 நாளில் மறுபடி அதே கதை. சர்வீஸ் வாரண்டி 30 நாள்தான் என்று சொல்லித் திரும்பவும் கேஸ் நிரப்பினார்கள். அந்த 2,800 ரூபாயை டெக்னீஷியனின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார், பில் தரவில்லை. இரண்டு மாதத்தில் மூன்றாம் முறையாக நின்றுவிட்டது, 14 கிலோ மாவு புளித்து வீணானது. இப்போது கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார்கள். அதற்குப் பத்து வருட வாரண்டி இருப்பதால் பார்ட் இலவசம், ஆனால் கேஸ், ஃபில்டர், கூலி சேர்த்து 4,600 ரூபாய் வேண்டுமாம். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் புதிது எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மறுபடி பணம் கட்டத்தான் வேண்டுமா? கட்டியதைத் திரும்பக் கேட்கலாமா? புது ஃப்ரிட்ஜ் கேட்க முடியுமா? மாவு நஷ்டத்துக்கு வழி உண்டா? எனக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது.

அல்சூர் வாசகி

பதில்:

இரண்டாம் முறை வாங்கிய 2,800 ரூபாயை நீங்கள் கட்டியிருக்கவே தேவையில்லை. இப்போது கேட்கும் 4,600 ரூபாயையும் கேள்வி கேட்காமல் கட்ட வேண்டாம். சட்டத்துக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜுக்குள் நடந்ததைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வழக்கின் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அடுப்புக்கு வரும் சிலிண்டர் போல ஃப்ரிட்ஜ் கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. கம்ப்ரஸர், பின்புறக் குழாய்கள், ஃபில்டர், கேபிலரி என்ற நூல் போன்ற மெல்லிய குழாய், கூலிங் காயில் என்று மூடிய ஒரே வளையத்துக்குள் அதே கேஸ் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவது பஞ்சரை ஒட்டாமல் டயருக்குக் காற்று அடிக்கிற வேலை. உங்கள் வீட்டில் அது 47 நாள் தாங்கியிருக்கிறது.

முறையாகச் செய்தால் இப்படி இருக்கும்: மிச்ச கேஸை வெளியேற்றி, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டி வைத்து முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பற்றவைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று தேட வேண்டும். கசியும் இடத்தை அடைத்த பிறகு, வளையத்தை வெட்டித் திறந்ததால் ஃபில்டரையும் புதிதாக மாற்ற வேண்டும், பழையது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பின்பு வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, கடைசியில் கேஸை எடை போட்டு நிரப்ப வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்புறமோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸின் பெயரும் கிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். உங்களுடையது போன்ற ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன்தான் இருக்கும். மொத்தமே சில பத்து கிராம் என்பதால் ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங் கெடும். வந்தவர் கையில் எடை பார்க்கும் தராசும் வேக்யூம் பம்பும் இருந்தனவா, எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்று நினைவுபடுத்தி இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார் என்றால் மேலே சொன்னதில் பாதிகூட நடந்திருக்க முடியாது.

கம்ப்ரஸர் விஷயமும் இதோடு சேர்ந்ததாகவே இருக்கலாம். ஐசோபியூட்டேன் ஓடும் ஃப்ரிட்ஜில் கூலிங் காயில் பக்கத்து அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால், மோட்டார் ஓடும்போது கேஸ் வெளியே போவதைவிட வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். ஈரம் கேபிலரியில் உறைந்து அடைக்கும், கம்ப்ரஸர் எண்ணெயைக் கெடுக்கும். கேஸ் குறைவாக இருந்தால் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறும். ஆகவே இரண்டு முறை கசிவை அடைக்காமல் விட்டதன் விளைவாகக் கம்ப்ரஸர் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் 'கம்ப்ரஸர் புது ஃபால்ட், அதற்கும் பழைய வேலைக்கும் சம்பந்தமில்லை' என்று அவர்கள் சொல்வது நிற்காது. ஆனால் இதை நீங்கள் வாயால் சொன்னால் போதாது, ஒரு மெக்கானிக் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கம் நிச்சயம் எடுக்கும் வாதம் 'அதே ஃபால்ட் இல்லை' என்பதுதான். அதில் சில சமயம் நியாயமும் இருக்கும். ஃப்ரீசர் நன்றாக உறைந்து, கீழ்த்தட்டு மட்டும் குளிராமல் இருந்தால் அது பெரும்பாலும் கேஸ் பிரச்சினை அல்ல. ஐஸைக் கரைக்கும் ஹீட்டரோ, சென்சாரோ, உள்ளே இருக்கும் ஃபேனோ வேலை செய்யாமல் காயில் ஐஸ் கட்டிக் காற்று கீழே இறங்காமல் போயிருக்கும். ஃப்ரீசரிலும் குளிர் இல்லை, அல்லது காயிலின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ், மோட்டாரோ நிற்காமல் ஓடுகிறது என்றால் கேஸ் குறைவை நினைக்கலாம். மூன்று முறையும் எது எப்படி இருந்தது என்று தேதி வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதில் பொருளின் குறைபாடு வேறு, சேவையின் குறைபாடு வேறு. நீங்கள் பிடிக்க வேண்டியது இரண்டாவதை. 2-ஆம் பிரிவின் 11-ஆம் உட்பிரிவு, செய்து தருவதாக ஒப்புக்கொண்ட வேலையின் தரத்திலும் முறையிலும் இருக்கும் எந்தக் குறையையும் சேவைக் குறைபாடு என்கிறது. நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்கும் அலட்சியமும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். கசிவு இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் கேஸ் நிரப்பிப் பணம் வாங்கியிருந்தால் அது தகவலை மறைத்தது. தெரியவே இல்லை என்றால் தேடாத அலட்சியம். இரண்டில் எதுவானாலும் உங்கள் வழக்கு நிற்கும்.

இந்த வழியைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரிட்ஜே உற்பத்தியில் கெட்டது என்று வழக்கிட்டால், ஆய்வு இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்று வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் 38-ஆம் பிரிவின்படி ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை உங்களையே முதலில் கட்டச் சொல்லலாம். மூன்றரை வருடம் நன்றாக ஓடிய பொருளில் உற்பத்திக் குறையை நிரூபிப்பதும் கடினம். சேவைக் குறைபாடு என்றால் பில், செய்த வேலையை டெக்னீஷியன் எழுதும் ஜாப் ஷீட், பிரமாணப் பத்திரம் இவற்றை வைத்தே முடிவு செய்ய முடியும். புது ஃப்ரிட்ஜ் கேட்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். 39-ஆம் பிரிவு புதுப் பொருள் தரச் சொல்லும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது, ஆனால் உங்கள் நிலையில் அதை முதன்மைக் கோரிக்கையாக வைத்தால் வழக்கு பலவீனமாகும். பழுதைச் செலவில்லாமல் முழுமையாகச் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் வாங்கிய 5,900 ரூபாயையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும், இரண்டிலும் நஷ்டஈடு தனி என்று கேளுங்கள்.

30 நாள் வாரண்டி உங்களைக் கட்டிப்போடுமா? பில்லின் பின்னால் அச்சடித்த அந்த வரி, சரியாக முடித்த வேலைக்கு அவர்கள் கூடுதலாகத் தரும் உறுதி. ஓட்டையை அடைக்காத வேலை முடிந்த வேலையே அல்ல, 31-ஆம் நாளில் அது திடீரென்று சரியான வேலையாக மாறிவிடாது. இந்த வாதத்தைச் சேவைக் குறைபாட்டுக்குள்ளேயே வையுங்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பில் அந்த நிபந்தனையை எதிர்த்தால், அது மாவட்ட ஆணையத்தின் வரம்பை மீறி மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்காகிவிடும். தெரியாமல் அந்த வார்த்தையைப் போட்டுவிட்டு அலைய வேண்டாம்.

பில் இல்லாத 2,800 ரூபாய்தான் உங்கள் வழக்கில் மெல்லிய இடம். டெக்னீஷியனின் சொந்த நம்பருக்குப் போன பணத்தைக் கம்பெனி 'எங்களுக்கு வரவில்லை, அவர் தனியாகச் செய்த வேலை' என்று கைகழுவப் பார்க்கும். அதை உடைக்க அன்றைய நாளின் தடயங்கள் வேண்டும்: கஸ்டமர் கேருக்குச் செய்த அழைப்பின் பதிவு, புகார் எண்ணோடு வந்த எஸ்.எம்.எஸ்., டெக்னீஷியன் பெயரும் நேரமும் ஒதுக்கிய செய்தி, வேலை முடிந்ததும் கேட்ட ஓ.டி.பி., ஜிபே ரசீது. கம்பெனி அனுப்பிய ஆள், கம்பெனி ஒதுக்கிய நேரத்தில், கம்பெனி புகார் எண்ணின் கீழ் வந்து வாங்கிய பணம் என்று இவை சேர்ந்து காட்டும். ஜிபே ரசீதை வங்கிக் கணக்கு விவரத்தோடு சேர்த்து பி.டி.எஃப். எடுத்து வையுங்கள், போன் மாற்றினால் போய்விடும். சேவைக்குப் பில் தராததே இச்சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்பதையும் ஆணையத்துக்கு எழுதும் புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள்.

இனி மாவு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது 'இவர் வியாபாரி, நுகர்வோரே அல்ல' என்பதாகத்தான் இருக்கும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் தன் உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் இவற்றுக்கு இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் தோற்றது, காரணம் அது பெரிய அளவில் நடந்த தொழில். ஆனால் சொந்தமாக உழைப்பவர் ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அவர் நுகர்வோர் அல்லாமல் போய்விட மாட்டார் என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணால் உங்கள் உரிமை போகாது. உங்களுக்கு அதைவிட வலுவான நிலையும் இருக்கிறது: ஃப்ரிட்ஜ் வீட்டுக்காக வாங்கியது, இன்றும் வீட்டுச் சாமான் அதில்தான் இருக்கிறது. புகாரில் முதலில் இதைச் சொல்லுங்கள், மாவு விற்பதை அடுத்ததாகச் சொல்லுங்கள். மறைக்க மட்டும் வேண்டாம். மாவு நஷ்டம் கேட்டுக்கொண்டே மாவு விற்பதை மறைக்க முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று இருந்தால் இணையுங்கள், இல்லையென்றால் உடனே எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும் அது தேவை.

14 கிலோ மாவுக்கு நீங்கள் கேட்கும் தொகை அரிசி, உளுந்து, அரைவைக் கூலி, ரத்தான ஆர்டர் என்று கணக்காக இருக்க வேண்டும். மளிகை பில், வாடிக்கையாளர்களுக்கு 'இன்று மாவு இல்லை' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், புளித்துப் பொங்கிய பாத்திரத்தின் படம் இவை போதும். ஒரு எச்சரிக்கை: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஃப்ரிட்ஜ் நின்றது தெரிந்த பிறகும் மாவு அரைத்து வைத்திருந்தால் அதற்குக் கேட்க முடியாது. முதல் நாள் வீணானதற்கு மட்டும் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, இந்த வரிசையில்தான். கம்பெனி ஆட்கள் மறுபடி வந்து குழாயை வெட்டுமுன் இன்னொரு மெக்கானிக்கை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது பார்த்துவிட்டால் சாட்சி போய்விடும். அவர் எதையும் வெட்டவோ திறக்கவோ கூடாது, வெளியாள் கை வைத்ததாகச் சொல்லி கம்ப்ரஸர் வாரண்டியையே மறுத்துவிடுவார்கள். வெளியிலிருந்தே கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பார்க்கலாம், எட்டும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவலாம், கசிவு காட்டும் கருவியைக் கொண்டு போகலாம், குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். கசிவு இருக்கும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூன்று முனைகளுக்கு இடையிலும் ஓம் அளவு எடுக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாகவும், எந்த முனையும் கம்ப்ரஸர் உடலோடு தொடர்பில்லாமலும் இருந்தால் வைண்டிங் என்ற உள் கம்பிச் சுருள் நன்றாக இருக்கிறது, அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது கம்ப்ரஸரை இயக்கும் போர்டை. வைண்டிங் சரியாக இருந்தும் கேஸைச் சுழற்றாமல் பலம் இழந்திருக்கலாம் என்பதால் இந்த அளவு மட்டுமே முடிவாகாது. ஆனால் 'கம்ப்ரஸர் போச்சு' என்று சொன்னவர்கள் எந்தச் சோதனையை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்க இது உதவும். அவர் பார்த்ததைத் தன் பெயர், தேதி, கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பார்க்கும்போதே வீடியோவும் எடுங்கள். அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஐசோபியூட்டேன் தீப்பற்றும் வாயு.

அடுத்து, கஸ்டமர் கேரில் புதுப் புகாராகப் பதிய விடாமல், முந்தைய இரண்டு எண்களையும் சொல்லி ரிப்பீட் கம்ப்ளெயிண்ட் என்று பதியச் சொல்லுங்கள். சிஸ்டத்தில் மூன்றும் ஒன்றோடொன்று இணைவது பின்னால் பெரிய உதவி. முந்தைய இரண்டு ஜாப் ஷீட்டின் நகலையும் இமெயிலில் கேளுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், கம்பெனி தலைமையகத்துக்கும், சர்வீஸ் சென்டர் நடத்தும் ஏஜென்சிக்கும் ஒரே கடிதத்தை இமெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பெயர்ப் பலகையில் கம்பெனி பெயர் இருந்தாலும் பல சர்வீஸ் சென்டர்கள் தனி நிறுவனங்கள், பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணுக்குரிய பெயரைப் பாருங்கள். கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

"இன்ன தேதியில் இன்ன புகார் எண்ணில் கேஸ் நிரப்பி 3,100 ரூபாய் வாங்கினீர்கள். கசிவு எங்கே என்று கண்டறிந்ததாக ஜாப் ஷீட்டில் இல்லை. 47 நாளில் அதே குறை வந்தது. மறுபடி 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு பில் தரவில்லை. இப்போது மூன்றாம் முறை. கசிவைக் கண்டறிந்து அடைத்து, ஃபில்டரும் கம்ப்ரஸரும் மாற்றி, லேபிளில் உள்ள எடைக்குக் கேஸ் நிரப்பிக் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும். 2,800 ரூபாயைத் திருப்பித் தரவும். இன்ன கணக்கின்படி மாவு நஷ்டத்தைத் தரவும். கம்ப்ரஸர் பழுது என்று முடிவு செய்த சோதனை அளவுகளை எழுத்தில் தரவும். 15 நாளில் செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

நோட்டீஸ் அனுப்பித்தான் வழக்குப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, இதற்கு வக்கீலும் தேவையில்லை. ஆனாலும் பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்தீர்கள் என்பதற்கு இது சாட்சி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கம்பெனி அங்கே எழுத்தில் தரும் பதிலில் பல சமயம் நமக்கு வேண்டிய ஒப்புதல் இருக்கும்.

பிழைப்பு நின்றுகொண்டிருக்கையில் 15 நாள் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. காத்திருக்கவே முடியாது என்றால், வெளி மெக்கானிக்கின் குறிப்பும் வீடியோவும் கையில் வந்த பிறகு 4,600 ரூபாயைக் கட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் பில்லிலும் ஜாப் ஷீட்டிலும் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள், அன்றே அதைப் படமெடுத்து இமெயிலும் அனுப்புங்கள். பணத்தைக் கம்பெனியின் லிங்க் வழியாக மட்டும் கட்டுங்கள். ஜாப் ஷீட்டில் கசிவு இருந்த இடம், மாற்றிய பாகங்கள், பழைய, புதிய கம்ப்ரஸரின் சீரியல் எண்கள், நிரப்பிய கிராம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பழைய கம்ப்ரஸரை அவர்கள் எடுத்துப் போவார்கள், அதனால் அதன் எண் தெரியும்படி படம் எடுங்கள். பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி வையுங்கள். கசிவு உள்சுவருக்குள் புதைந்த குழாயில் என்றால், அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டுப் பின்புறம் தனிக் குழாய் வைக்கும் வேலைதான் தீர்வு. அப்படிச் செய்யாமல் நான்காம் முறை கேஸ் நிரப்ப விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் கேட்கும் ஓ.டி.பி. சாதாரண எண் அல்ல. அதைக் கொடுத்தால் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று புகார் மூடப்படும். கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்து, 24 மணி நேரம் கழித்து 5 டிகிரிக்குள்ளும், ஃப்ரீசரில் மைனஸ் 18 அருகிலும் இருந்தால் மட்டும் கொடுங்கள். வந்தவர் இன்றே வேண்டும் என்று நெருக்கினால் நாளை தருகிறேன் என்று சொல்லுங்கள். அவருக்கு டார்கெட் இருக்கும், அதற்காக உங்கள் சாட்சியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் வீட்டை விட்டுப் போனால் சாட்சியும் போகும். முந்தைய புகார்கள் தீர்ந்தன என்ற வரியிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஓசூரில் வாங்கியதால் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்கிடலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது, ஆகவே பெங்களூரு நகர மாவட்ட ஆணையம் போதும். அது சாந்திநகர் பி.எம்.டி.சி. வளாகத்தில் இருக்கிறது. நேரில் போகாமல், 2025 ஜனவரி முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். புகாரை ஆங்கிலத்தில் எழுதலாம், கன்னடம் தெரியாதது தடையே அல்ல. செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. இங்கே பார்ப்பது நீங்கள் கட்டிய விலையைத்தான், கேட்கும் நஷ்டஈட்டை அல்ல. அதற்காக மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதாதீர்கள். 5,900 ரூபாய் வழக்கில் அப்படிக் கேட்டால் மற்ற கணக்குகளின் மீதும் நம்பிக்கை குறையும். பத்து, பதினைந்தாயிரமும் வழக்குச் செலவும் நியாயமாகத் தெரியும்.

எதிர்த்தரப்பாக ஏஜென்சியையும் கம்பெனியையும் சேருங்கள். ஓசூர் கடைக்காரர் பழுது பார்க்கவில்லை, அவரை இழுத்தால் வாய்தாதான் கூடும். கடையில் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் அதைத் தந்த நிறுவனத்தைச் சேர்க்கலாம். பத்தி எண்ணிட்ட புகார், நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம், தேதிப் பட்டியல், பில்கள், ஜாப் ஷீட், இமெயில், வெளி மெக்கானிக்கின் குறிப்பு, முடிந்தால் அவருடைய பிரமாணப் பத்திரமும் வேண்டும். டெக்னீஷியன் தமிழில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அதைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேருங்கள். வாட்ஸ்அப் படங்களுக்கும் ஆடியோவுக்கும் மின்னணுப் பதிவுகளுக்கென பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபம் வராது. நீங்களே வாதாடலாம், வீடியோ வழியே ஆஜராகவும் கேட்கலாம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம். 45 நாளுக்கு மேல் ஆணையத்தாலும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஹில்லி கோல்ட் ஸ்டோரேஜ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தேதியைக் குறித்து வைத்து, தாண்டினால் ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பல கம்பெனிகள் முதல் வாய்தாவுக்கு முன்பே சமாதானம் பேச வரும். பேசினால் தொகை கையில் வந்த பிறகே வழக்கை வாபஸ் பெறுங்கள்.

கம்பெனி சர்வீஸ் இல்லாமல், மொபைல் செயலி வழியாக ஆளை அழைத்துப் பழுது பார்த்தவர்களுக்கும் இதே சட்டம்தான். 'நாங்கள் வெறும் தளம், மெக்கானிக் எங்கள் ஆள் இல்லை' என்பார்கள். 2020-இன் மின்வணிக விதிகள்படி அவர்கள் குறைதீர்ப்பு அதிகாரியை வைத்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அங்கே எழுதுங்கள்.

வழக்குப் போட இரண்டு வருட கெடு உண்டு. மூன்று முறையும் மூன்று தேதிகள் இருக்கும்போது எதிலிருந்து எண்ணுவது என்று வாதம் வரும், அதனால் 3,100 ரூபாய் பில்லில் இருக்கும் தேதியிலிருந்தே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரோடும் 1915-உடனும் பேசிக்கொண்டிருக்கும் நாட்களுக்காக அந்தக் கெடு நிற்காது.